அலகுகளுக்குப் பின்னால் நிற்கும் மனிதர்கள்

கவிதையும் நாவலும் பேசுகிற இந்த இணைய அரங்கில் பௌதிகவியலைப் பற்றிப் பேச ஒரு தாதியை ஏன் கூப்பிட்டார்கள் என்று சிலர் யோசிக்கக்கூடும். நான் விஞ்ஞானி அல்ல. தாதியியல் டிப்ளோமாவோடு பிராங்பேர்ட் வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்கிறவள். ஆனால் ஒரு நாளில் நான் செய்யும் வேலையில் பாதிக்குமேல் அளப்பதும், அளந்ததை எழுதுவதும்தான். அமுக்கம், வெப்பநிலை, நிறை, நாடித்துடிப்பு, சிறுநீரின் கனவளவு, மருந்தின் அளவு, எல்லாவற்றுக்கும் மேலாக நேரம். இவை ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒரு மனிதர் நிற்கிறார். அவர்களில் சிலர் நான் தினமும் ட்ராம் ஏறுகிற இந்த ஊரில் நடமாடியவர்கள். அவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் அடிப்படையான ஒன்று. அளவு என்பது இரண்டு பகுதிகள் சேர்ந்தது. ஒன்று எண், மற்றது அலகு. எண் மட்டும் சொன்னால் அது அளவு ஆகாது. இது பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பாடம். ஆனால் நம்மவர்களுடைய தொலைபேசிப் பேச்சைக் கேட்டுப்பாருங்கள். "எனக்குச் சீனி எட்டு" என்பார் லண்டன் மாமி. "எனக்கு நூற்றி நாற்பத்தைந்து" என்பார் பிராங்பேர்ட் சித்தி. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே சீனிதான். ஆனால் சித்திக்கு அன்று இரவு நித்திரை வராது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்குக் கனடாவிலிருந்து மகள் சீனி பார்க்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது 16 என்று காட்டியது. அக்கா இங்கே பதினைந்து வருடமாக மூன்று இலக்க எண்ணைப் பார்த்துப் பழகியவர். 16 என்றால் விழுந்துவிடப்போகிறேன் என்று பயந்து, சீனி போட்ட தேத்தண்ணி ஒரு கோப்பை குடித்து, பிஸ்கட்டும் சாப்பிட்டார். பிறகு பார்த்தால் 19. இன்னும் ஒரு கோப்பை. நல்லகாலம், மகள் வந்துவிட்டாள். கனடாக் கருவியின் 16, நமது கணக்கில் 288.

ஏன் இந்த வித்தியாசம்? ஜேர்மனியின் மேற்குப் பகுதியில், நம் நாட்டிலும்தான், ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோசு என்று நிறுத்துச் சொல்கிறார்கள். கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஒரு லீற்றரில் எத்தனை மில்லிமூல் என்று எண்ணிச் சொல்கிறார்கள். சந்தையில் தேங்காயை எண்ணி விற்பார்கள், வெங்காயத்தை நிறுத்து விற்பார்கள் அல்லவா, அதுபோல. மூல் என்பது எண்ணிக்கைக்கான அலகு. டசின் என்றால் பன்னிரண்டு என்பதுபோல, மூல் என்றால் 6.022 ஐ 10 இன் 23ஆம் அடுக்கால் பெருக்கி வரும் எண்ணிக்கை. இத்தாலியரான அவகாதரோவின் பெயரால் இந்த எண்ணை அழைக்கிறோம். ஒரு மூல் குளுக்கோசு 180 கிராம் நிறுக்கும். அதனால்தான் மில்லிமூல் கணக்கை 18 ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வரும். 7 என்றால் 126. 10 என்றால் 180. இதை ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிவையுங்கள். இன்று இதை மட்டும் நினைவில் வைத்தாலும் எனக்குச் சந்தோஷம். (வேடிக்கை என்னவென்றால், பழைய கிழக்கு ஜேர்மனியில் மில்லிமூல்தான். ஒரே நாட்டுக்குள்ளேயே லைப்சிக் தாதியும் பிராங்பேர்ட் தாதியும் வேறு வேறு எண் சொல்வோம்.)

சொல் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், இது இலக்கிய அரங்கு என்பதால். இலங்கையில் படித்த நாங்கள் பொருளில் அடங்கியிருக்கும் அளவைத் திணிவு என்றும், பூமி அதை இழுக்கும் விசையை நிறை என்றும் படித்தோம். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் பொருளில் அடங்கியிருப்பதுதான் நிறை, பூமி இழுப்பது எடை. அதாவது ஒரே 'நிறை' பாக்குநீரிணையைத் தாண்டும்போது வேறொரு பௌதிகக் கணியமாக மாறிவிடுகிறது! சந்திரனுக்குப் போனால் நிறை ஆறிலொன்றாகக் குறையும் என்று யாழ்ப்பாணத்து ஆசிரியர் சொன்னால் சரி. மதுரை ஆசிரியர் அதையே சொன்னால் பிழை. இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். படிப்பிக்கிறவர்கள் கவனிக்கவேண்டும்.

தமிழில் விஞ்ஞானம் சொல்லமுடியுமா என்று கேட்கிறவர்களுக்கு மானிப்பாயை நினைவூட்டலாம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார். உடற்கூற்றியல், அறுவைச் சிகிச்சை, இரசாயனவியல் நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவருடைய இரசாயன நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. கொத்தும் சுண்டும் பரப்பும் வைத்து அளந்துகொண்டிருந்த ஊரில் நின்றுகொண்டு அந்த மனிதர் இதைச் செய்தார்.

இனி அமுக்கம். ஜேர்மன் வைத்தியசாலைக்கு முதல் நாள் வேலைக்குப் போகிற எவரும் ஒரு விசயத்தில் முழிப்பார்கள். நோயாளியின் படிவத்தில் குருதி அமுக்கம் எழுதும் இடத்தில் 'எர் எர்' என்று இரண்டு எழுத்து இருக்கும். ஜேர்மன் மொழியில் குருதி அமுக்கத்துக்குரிய சொல்லில் அந்த எழுத்துகள் இப்படி வராது. அது ஒரு மனிதரின் பெயர்ச் சுருக்கம். இத்தாலிய வைத்தியர் சிப்பியோனே ரீவா-ரோச்சி 1896இல் கையைச் சுற்றிக் காற்றுப்பட்டி கட்டி அமுக்கம் பார்க்கும் முறையைச் சொன்னார். இன்றுவரை ஜேர்மன் தாதிகள் 'எர் எர் 120க்கு 80' என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். அவர் மேல் எண்ணை மட்டும்தான் நாடி பார்த்துக் கண்டார். காதுக்குழாய் வைத்துச் சத்தம் கேட்டுக் கீழ் எண்ணையும் பிடித்தவர் ரஷ்யாவின் கொரொட்கோவ், 1905இல்.

அவர்களுக்கும் முன்னால் ஒரு பாதிரியார் இருக்கிறார். இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர்க் கோயிலில் ஊழியம் செய்த ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு குதிரையின் நாடியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதில் உயரமான கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். இரத்தம் எட்டு அடிக்குமேல் ஏறி நின்றது, துடிப்புக்குத் துடிப்பு ஏறி இறங்கியது. 1733இல் இதை நூலாக வெளியிட்டார். குதிரையை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. ஆனால் அமுக்கத்தைத் தண்டின் உயரமாகப் பார்க்கலாம் என்பதை அது கண்முன் காட்டியது. எட்டு அடிக் குழாயை வார்ட்டுக்குள் கொண்டு திரிய முடியாது. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு பாரமானது. அதனால் தண்ணீரில் 163 சென்ரிமீற்றர் ஏறவேண்டிய அமுக்கம் பாதரசத்தில் 12 சென்ரிமீற்றரில் நின்றுவிடும். அதுதான் நமது 120 மில்லிமீற்றர்.

பாதரசத் தண்டை முதலில் நிறுத்தியவர் தொரிசெல்லி. மேலே போகப் போகக் காற்றமுக்கம் குறையும் என்று காட்டவிரும்பிய பஸ்கால், தான் நோயாளி என்பதால், மலையேற மைத்துனரை அனுப்பினார். 1648 செப்ரெம்பரில் பிரான்சின் பியூய் த டோம் மலையில் அந்த மைத்துனர் பாதரசக் குழாயோடு ஏறினார், தண்டு இறங்கியது. அமுக்கத்தின் சர்வதேச அலகு இன்று பஸ்கால். மைத்துனருக்கு ஒன்றும் இல்லை! ஆனாலும் வைத்தியசாலையில் பஸ்காலையும் நாங்கள் பாவிப்பதில்லை. ஐரோப்பியச் சட்டம் உடல் திரவங்களின் அமுக்கத்துக்கு மட்டும் மில்லிமீற்றர் பாதரசத்தை அனுமதிக்கிறது. பாதரசக் கருவிகளே வார்ட்டிலிருந்து போய்விட்டன, அலகு மட்டும் இருக்கிறது.

காய்ச்சல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் அம்மாமாருக்கு 'நூறு' என்றால் காய்ச்சல். இங்கே 38. பரனைற் அளவுத்திட்டம் 1724இல் வந்தது, செல்சியஸின் திட்டம் 1742இல். சுவீடன்காரரான செல்சியஸ் முதலில் தண்ணீர் கொதிக்கும் இடத்தைப் பூச்சியம் என்றும் உறையும் இடத்தை நூறு என்றும் வைத்திருந்தார். பின்னர்தான் அது தலைகீழாக மாற்றப்பட்டது. காய்ச்சலை அளந்து எழுதும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர் லைப்சிக் வைத்தியர் கார்ல் வுண்டர்லிஹ். ஒரு அடி நீளமான வெப்பமானியைக் கக்கத்தில் வைத்து, கால்மணி நேரம் பொறுத்து, ஏறக்குறைய 25,000 நோயாளிகளை அளந்து 1868இல் நூல் எழுதினார். 37 என்ற எண் அங்கிருந்து வந்தது. அதை ஆங்கிலக் கணக்குக்கு மாற்றியதில் 98.6 ஆனது. அந்தப் புள்ளி ஆறைப் பார்த்து அது மிகத் துல்லியமான எல்லை என்று மக்கள் நம்பிவிட்டார்கள். அது பெருக்கல் கணக்கில் வந்த புள்ளி ஆறு. உடம்புக்கு அப்படி ஒரு கோடு கிடையாது.

நேரத்துக்கு வருவோம். இதற்குத்தான் நான் அதிகம் ஆசைப்பட்டு வந்தேன்.

ஜேர்மனியில் வீடுகளிலும் வைத்தியசாலைகளிலும் வானொலி மணிக்கூடுகள் ஏராளம். அவற்றை யாரும் திருத்துவதில்லை, தானாகவே சரியான நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? பிராங்பேர்ட்டிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றரில் மைன்ஃபிளிங்கன் என்ற சின்ன ஊர். அங்கே வயல்வெளியில் நிற்கும் அன்ரனாக் கம்பங்களிலிருந்து டே.சே.எஃப் 77 என்ற சமிக்ஞை இரவுபகலாக ஒலிபரப்பாகிறது. அதன் மீடிறன் 77.5 கிலோஹேர்ட்ஸ், செக்கனுக்கு 77,500 அலை. (மீடிறன் என்பதைத் தமிழ்நாட்டில் அதிர்வெண் என்பார்கள்.) ஒவ்வொரு செக்கனும் அந்த அலையின் பலம் ஒருமுறை குறைக்கப்படுகிறது. செக்கனின் பத்திலொரு பங்கு நேரம் குறைந்தால் பூச்சியம், பத்தில் இரண்டு பங்கு என்றால் ஒன்று. இப்படி ஒரு நிமிடத்தில் நேரம், திகதி, கிழமை எல்லாம் சொல்லி முடிகிறது. சுமார் 2000 கிலோமீற்றர் தூரம்வரை பிடிக்கும். பாரிசிலும் சூரிச்சிலும் கோப்பன்ஹேகனிலும் இருந்து கேட்கிறவர்களே, உங்கள் சுவரில் அப்படி ஒரு மணிக்கூடு இருந்தால் அதுவும் மைன்ஃபிளிங்கன் பேச்சைத்தான் கேட்கிறது.

அந்த நிலையத்தில் அணு மணிக்கூடுகள் இருக்கின்றன. செக்கன் என்பதை முன்னர் பூமி சுற்றுவதை வைத்துக் கணக்கிட்டார்கள். ஆனால் பூமி அவ்வளவு ஒழுங்காகச் சுற்றுவதில்லை. 1967இல் செக்கனுக்குப் புது வரையறை வந்தது. சீசியம் அணு வெளிவிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 919 கோடியே 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770 அலைவுகள் சேர்ந்தால் ஒரு செக்கன். அந்தச் சீசியம் கண்டுபிடிக்கப்பட்டதும் தூரத்தில் அல்ல. 1860இல் ஹைடல்பேர்க்கில் புன்சனும் கிர்ஹொஃபும், டுர்க்ஹைம் என்ற ஊரின் ஊற்றுத்தண்ணீரை ஆராய்ந்தபோது, நிறமாலையில் இதுவரை காணாத நீலக் கோடுகளாக அதைக் கண்டார்கள்.

அணு எப்படி மணிக்கூடாக முடியும்? அந்தக் கதை தொடங்குவது பிராங்பேர்ட்டின் பொக்கன்ஹைம் பகுதியில், றொபேர்ட் மேயர் தெருவில். சென்கன்பேர்க் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை டைனோசர் பார்க்கக் கூட்டிப்போகும் நம்மவர்கள் அந்தத் தெருவைக் கடந்திருப்பார்கள். அந்தத் தெருவின் பெயருக்குரியவரே ஒரு வைத்தியர். 1840இல் டச்சுக் கப்பலில் வைத்தியராக ஜாவாவுக்குப் போன றொபேர்ட் மேயர், மாலுமிகளுக்கு நாளத்திலிருந்து இரத்தம் எடுத்தபோது அது வழக்கத்தைவிடச் சிவப்பாக இருப்பதைக் கவனித்தார். வெப்ப நாட்டில் உடம்பு சூட்டைக் காக்கக் குறைவாகவே ஒட்சிசன் எரிக்கிறது என்று யோசித்தார். அங்கிருந்து சக்தி அழிவதில்லை, உருமாறுகிறது என்ற முடிவுக்குப் போனார். அலகு ஜூலுக்குக் கிடைத்தது. மேயருக்கு இந்தத் தெரு.

அந்தத் தெருவில் 1919 முதல் 1921 வரை கோட்பாட்டுப் பௌதிக நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் மக்ஸ் போர்ன். அவருடைய உதவியாளர் ஒட்டோ ஸ்டேர்ன். யுத்தம் தோற்ற நாடு, பணவீக்கம், ஆய்வுக்குக் காசில்லை. போர்ன் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை பற்றிப் பொதுமக்களுக்கு நுழைவுச்சீட்டு வைத்து விரிவுரை நடத்திக் காசு சேர்த்தார். நம்மூரில் கட்டட நிதிக்கு நாடகம் போடுவதுபோல! பிறகு நியூயோர்க் வங்கியாளர் ஹென்றி கோல்ட்மன் காசோலை அனுப்பி உதவினார். எலிசபெத் போர்மன் என்ற பெண் விஞ்ஞானி அங்கே போர்னோடு சேர்ந்து, ஒரு வெள்ளி அணு காற்றில் இன்னொன்றில் மோதாமல் எவ்வளவு தூரம் போகும் என்று அளந்தார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவரை அநேகமாக விட்டுவிடுகிறார்கள்.

ஸ்டேர்னின் யோசனை இது. வெள்ளியை அடுப்பில் ஏறக்குறைய ஆயிரம் பாகைக்குச் சூடாக்கு. வெளிவரும் அணுக்களை மெல்லிய துவாரம் வழியாக ஒரு கற்றையாக்கி, வெற்றிடத்தில், ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் பலவீனமாகவும் இருக்கும் காந்தப்புலத்தினூடாக விடு. அணு ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காந்தம். பழைய பௌதிகப்படி அந்தக் காந்தங்கள் எந்தத் திசையிலும் சாய்ந்திருக்கலாம், ஆகவே கண்ணாடியில் வெள்ளி ஒரு அகலமான பூச்சாகப் படியவேண்டும். புதிய குவாண்டம் கருத்துச் சரியென்றால் இரண்டு தனிக் கோடுகள் விழவேண்டும். கையால் இதைச் செய்துகாட்டும் பொறுமையும் திறமையும் உள்ளவர் வால்ற்றர் கேர்லாஹ். வெற்றிடப் பம்பியும் கண்ணாடிக் குழாய்களும் மாறி மாறி உடைந்தன.

ஒருமுறை கண்ணாடித் தட்டை வெளியே எடுத்தபோது அதில் ஒன்றுமே இல்லை. ஸ்டேர்ன் அதைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு கறுப்பாகத் தெரியத் தொடங்கியது. உதவியாளர் சம்பளத்தில் மலிவுச் சுருட்டுத்தான் குடிப்பேன், அதில் கந்தகம் அதிகம், என் மூச்சுப் பட்டு வெள்ளி கறுத்துவிட்டது என்று ஸ்டேர்ன் பின்னாளில் சொன்னார். வெள்ளி விளக்கும் கொலுசும் கறுப்பது நமக்குத் தெரிந்ததுதானே. பல வருடங்களின் பின் இரண்டு பௌதிகவியலாளர்கள் இதைச் செய்துபார்த்தார்கள். மூச்சு மட்டும் போதவில்லை, சுருட்டுப் புகையே படவேண்டியிருந்தது. வார்ட்டில் புகை பிடிக்காதீர்கள் என்று சொல்லி அலுத்த எனக்கு இந்தக் கதை ஒரு தொந்தரவு.

1922 பெப்ரவரியில் கோடு இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த தூரம் சுமார் ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொன்று, கடதாசித் தாள் இரண்டின் தடிப்பு. அப்போது ஸ்டேர்ன் ரொஸ்டொக் நகருக்கு வேலை மாறிப் போயிருந்தார். கேர்லாஹ் அந்தப் படத்தை ஒட்டி 8ஆம் திகதி நீல்ஸ் போருக்குத் தபாலட்டை அனுப்பினார். இன்று அந்தக் கட்டடச் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. நின்று வாசிக்க ஒரு நிமிடம் போதும்.

அதன்பிறகு ஸ்டேர்ன் ஹம்பர்க் போனார். அங்கே அவரிடம் வந்து வேலை பழகிய அமெரிக்க இளைஞர் இசிடோர் றாபி. நியூயோர்க் திரும்பிய றாபி, சரியான மீடிறனுள்ள வானொலி அலையைக் கொடுத்தால் அந்தச் சின்னக் காந்தங்கள் திசை மாறும் என்று காட்டினார். மீடிறன் சற்று விலகினாலும் மாறாது. அப்படியென்றால் அந்த மீடிறனையே ஊசலாக வைத்து நேரம் அளக்கலாம் அல்லவா? 1955இல் லூயிஸ் எசன் முதலாவது நம்பகமான சீசியம் மணிக்கூட்டை ஓடவிட்டார். இடம், இங்கிலாந்தின் டெடிங்டன், குதிரைக்குக் குழாய் வைத்த பாதிரியாரின் அதே ஊர். ஆக, றொபேர்ட் மேயர் தெருவில் பிரிந்த அந்த இரண்டு கோடுகள், ஹம்பர்க், நியூயோர்க், டெடிங்டன் என்று சுற்றி, 25 கிலோமீற்றர் தள்ளி மைன்ஃபிளிங்கனுக்கு வந்து சேர்ந்தன. எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் இயந்திரமும் இதே வம்சம்தான். அதற்கு அடிப்படையான புரோத்தனின் காந்தத்தை முதலில் அளந்தவரும் ஸ்டேர்ன்.

அவர் அதை அளந்த வருடம் 1933. ஸ்டேர்ன் யூதர். நாசிகள் வந்ததும் அவருடன் வேலை செய்த யூதர்களை நீக்கினார்கள். அவர் தானே பதவியை விட்டு அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் போனார். 1943க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஜேர்மனிக்குக் குடியிருக்க அவர் திரும்பவே இல்லை. போர்னும் வேலை இழந்தார். 1935இல் சி.வி.இராமன் அவரை பெங்களூருக்கு அழைத்தார். சில மாதங்கள் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இருந்தார், நிரந்தர வேலை கைகூடவில்லை, எடின்பரோ போய்விட்டார். ஊரைவிட்டு ஓடியவர்களின் சான்றிதழை மற்ற ஊர்கள் எப்படிப் பார்க்கும் என்பது இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் பலருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நோபல் பெறப்போகிறவருக்கே அதுதான் நிலைமை.

நேரத்தை விட்டுப் போகுமுன் வேலையிடத்து விசயம் ஒன்று. ஒக்ரோபர் கடைசி ஞாயிறு அதிகாலை மூன்று மணி மறுபடி இரண்டு மணியாகும். அன்று இரவுப் பணி ஒரு மணித்தியாலம் கூட. அதைவிடத் தலையிடி, 2.30 என்ற நேரம் இரண்டு முறை வருவது. வலி மருந்து 2.30க்குக் கொடுத்தேன் என்று எழுதினால் எந்த 2.30? முறைப்படி முதலாவது 2ஏ, அடுத்தது 2பி. ஆறு மணித்தியால இடைவெளி வேண்டிய மருந்தில் இந்த ஒரு எழுத்து முக்கியம். இரட்டைப் பிள்ளைகள் அந்த நேரத்தில் பிறந்தால் இளையவன் மூத்தவனைவிட முந்திப் பிறந்ததாகப் பத்திரம் வரக்கூடும்.

கடைசியாகக் கதிர்வீச்சு. 1895 நவம்பரில் வூர்ட்ஸ்பேர்க்கில் வில்ஹெல்ம் றொன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். காப்புரிமை எடுக்க மறுத்துவிட்டார், அதனால் சில மாதங்களுக்குள் உலகம் முழுவதும் செய்துபார்த்தார்கள். ஆனால் எவ்வளவு கதிர் என்று சொல்ல ஒரு அலகு பல வருடங்களுக்கு இல்லை. அப்போது வைத்தியர்கள் எதை அளவாக வைத்தார்கள் தெரியுமா? தோல் சிவப்பதை. தோல் சிவக்கும்வரை கொடுத்தால் அது ஒரு அளவு. மனிதத் தோலே கருவி. அதுவும் பலமுறை, வேலை செய்கிறவரின் கைத்தோல்.

பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்து அஷாஃபன்பேர்க்கில் 1881இல் பிறந்த ஃபிரீட்றிஹ் டெசௌவர் பள்ளிப் பருவத்திலேயே எக்ஸ் கதிரோடு விளையாடத் தொடங்கியவர். 1920களின் தொடக்கத்தில் பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கான பௌதிக அடிப்படைகளை ஆராயும் நிறுவனத்தை உருவாக்கினார். ஆழத்தில் உள்ள புற்றுக்கு எவ்வளவு கதிர் போய்ச் சேர்கிறது என்று கணக்குப் பார்த்தார். கத்தோலிக்கர், நாடாளுமன்ற உறுப்பினர், நாசிகளை எதிர்த்தவர். 1933இல் கைதானார், அடுத்த வருடம் இஸ்தான்புல் போனார், பிறகு சுவிற்சர்லாந்து, யுத்தத்தின் பின் பிராங்பேர்ட். இளமையில் பட்ட கதிரால் அவருடைய உடல் புண்பட்டு, பல அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டார். 1963இல் இங்கேயே இறந்தார். ஹம்பர்க்கில் ஒரு வைத்தியசாலை வளவில் கதிரால் இறந்தவர்களுக்கு 1936இல் எழுப்பிய கல் இருக்கிறது. இன்று அதில் 350க்கு மேற்பட்ட பெயர்கள். வைத்தியர், பௌதிகவியலாளர் என்று வரிசைப்படுத்திக் கடைசியில் தாதியரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

1928இல்தான் றொன்ட்கன் என்ற அலகு சர்வதேச அளவில் ஏற்கப்பட்டது. இப்போது உடலுக்கான பாதிப்பைச் சீவெர்ட்டில் சொல்கிறோம், சுவீடனின் றொல்ஃப் சீவெர்ட்டின் பெயரால். கதிரோடு வேலை செய்கிறவர்களுக்கு ஜேர்மனியில் வருட எல்லை 20 மில்லிசீவெர்ட். மண்ணிலும் காற்றிலும் ஆகாயத்திலும் இருந்து எல்லோருக்கும் வருடத்துக்குச் சுமார் 2 வருகிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று ஒரு மில்லிசீவெர்ட்டின் பத்திலொன்றைவிடக் குறைவு. நியூயோர்க் போய்வரும் விமானப் பயணமும் ஏறக்குறைய பத்திலொன்று. எக்ஸ்ரேக்குப் பயந்து இருமலோடு வீட்டில் இருக்கும் நம் ஆட்கள், கோடை விடுமுறைக்கு ரொறொன்ரோ போகப் பயப்படுவதில்லை!

கருவியே பிழை என்றால் மேலே சொன்ன எல்லாம் வீண். இதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்தவர் அன்னா மணி. திருவிதாங்கூரின் பீருமேட்டில் 1918இல் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இராமனின் ஆய்வுகூடத்தில் வைரத்தின் ஒளியை ஆராய்ந்தார். ஆய்வேட்டைக் கொடுத்தும் முதுமாணிப் பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் கொடுக்கவில்லை. லண்டன் போய் வானிலைக் கருவிகள் பற்றிப் படித்தார். 1948இல் திரும்பி இந்திய வானிலைத் திணைக்களத்தில் சேர்ந்து, அதுவரை இறக்குமதி செய்துவந்த ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் தரப்படுத்தி, உள்நாட்டிலேயே செய்யவைத்து, ஒவ்வொன்றையும் நியமக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வைத்தார். சூரிய சக்தி, காற்றுச் சக்தி பற்றி இந்தியா இன்று போடும் கணக்குகளுக்கு அடித்தளம் அவர் சேர்த்த அளவுகள். விவிலியத்தில் கள்ளத் தராசைப் பற்றிக் கடுமையாக எச்சரிக்கும் இடங்கள் பல உண்டு. அவற்றை வாசிக்கும்போது எனக்கு இப்போதெல்லாம் அன்னா மணி நினைவு வருகிறார்.

வீட்டில் பிரஷர் கருவி வைத்திருப்பவர்களுக்கு: வைத்தியசாலைக் கருவிகளுக்கு இங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனை கட்டாயம், ஒட்டுத்தாளில் திகதி இருக்கும். உங்கள் கருவிக்கு யாரும் வரமாட்டார்கள். வைத்தியரிடம் போகும்போது அதையும் பையில் கொண்டுபோய், அவருடைய கருவியோடு பக்கத்தில் வைத்து ஒருமுறை அளந்துபாருங்கள். கைப்பட்டி சிறிதாக இருந்தால் எண் கூடக் காட்டும், பருத்த கைக்குப் பெரிய பட்டி வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து அளவுங்கள். தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டு அளக்காதீர்கள்.

பேச்சு முடிந்ததும் ஒருவர் எழுதிக் கேட்டார், "பாரிசில் வைத்திருந்த கிலோகிராம் இப்போது என்ன ஆனது?" என்று. நல்ல கேள்வி. பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற இடத்தில் ஒரு பிளாற்றினம்-இரிடியம் உருளை இருந்தது, இப்போதும் இருக்கிறது. 130 வருடமாக அதுதான் கிலோ. அதன் பிரதிகளோடு ஒப்பிட்டபோது நூறு வருடத்தில் சுமார் 50 மைக்ரோகிராம் விலகல் தெரிந்தது. உருளை குறைந்ததா, பிரதிகள் கூடினவா என்று சொல்ல வழியில்லை, ஏனெனில் வரையறைப்படி அந்த உருளை எப்போதும் சரி! 2019 மே 20 முதல் அந்த வேலையைப் பிளாங்கின் மாறிலியிடம் கொடுத்துவிட்டார்கள். மக்ஸ் பிளாங்க் 1900இல் அந்த எண்ணுக்கு வந்ததே பேர்லினின் அளவை நிறுவனத்தில் சூடான பொருள்கள் வெளிவிடும் ஒளியை அளந்தவர்களின் தரவுகளை விளக்கப் போய்த்தான். அந்த நிறுவனத்தின் இன்றைய வாரிசு பிரவுன்ஷ்வைக்கில் இருக்கிறது. மைன்ஃபிளிங்கன் சமிக்ஞையைப் பொறுப்பாகப் பார்ப்பதும் அதே நிறுவனம். அங்கே சிலிக்கனில் ஒரு கிலோ உருண்டை செய்து, அதில் எத்தனை அணு இருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே ஐயா, செவ்ரில் உள்ள உருளை ஓய்வு பெற்றுவிட்டது. உங்கள் கடைத் தராசில் ஒரு மாற்றமும் தெரியாது.